அக்டோபர் பனி

உறைபனியை நான் பார்த்ததில்லை. மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்கும் ஈரத்தையும் பனி என்கிறோம். மலையை மூடி ஆறு மாதம் கிடப்பதையும் பனி என்கிறோம். இரண்டுக்கும் இடையில் இருக்கும் தூரத்தை நம் புதுக்கவிதை எப்போதோ தாண்டிவிட்டதாக ஒரு நினைப்பு. வெண்மை, மௌனம், மரணம் என்று மூன்று சொற்களை அடுக்கிவிட்டால் பனி பெய்துவிடுகிறது. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது நானும் அப்படி ஒன்று எழுதினேன். எழுதிய இடம் விருதுநகர், மாதம் மே. ஆங்கில இலக்கியம் படித்ததன் நேரடி விளைவு. அதைப் பாராட்டி ஒருவர் கார்டு எழுதியிருந்தார். அவரும் பனியைப் பார்த்தவரில்லை.

இப்போது மறுபடி பனியைப் பற்றி எழுத நேர்ந்ததற்குக் காரணம் கவிதை அல்ல, எச்சரிக்கை அறிக்கைகள். என்னோடு படித்த நண்பன் ஒருவன் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில் வேலையாக இருக்கிறான். முப்பது வயதுக்கு மேல் ஸ்கீ பழகியவன். முதலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு கம்பிவட நாற்காலியில் மேலே போய்ச் சறுக்கி வருகிற இடங்களில் பழகினான். அங்கே விடியுமுன் காவலர்கள் வெடி வைத்து, சரியக்கூடிய பனியைச் சரித்துவிட்டுத்தான் ஆட்களை உள்ளே விடுவார்கள். பிறகு அது அலுத்து, யாரும் காவல் காக்காத மலைச்சரிவுகளுக்கு, பேக்கன்ட்ரி என்று அவர்கள் சொல்லும் இடங்களுக்கு, போகத் தொடங்கினான். ஸ்கீயின் அடியில் வழுக்காத பட்டை ஒன்றை ஒட்டிக்கொண்டு தன் காலாலேயே மேலேறி, பட்டையைக் கழற்றிவிட்டு ஒரே மூச்சில் இறங்குவது. இரண்டு மணி நேரம் ஏற்றம், ஐந்து நிமிஷம் இறக்கம். இதில் என்ன சுகம் என்று கேட்டேன். ஒரு கவிதைக்கு நீ எத்தனை நாள் உட்காருகிறாய் என்று திருப்பிக் கேட்டான். நான் கவிதையை விட்டுப் பல வருஷம் ஆகிறது என்பது அவனுக்குத் தெரியாது.

யூட்டா பனிச்சரிவு மையம் குளிர்காலக் காலைகளில் வெளியிடும் அறிக்கைகளையும், விபத்துகளுக்குப் பின் எழுதும் குறிப்புகளையும் எனக்கு அனுப்பிவைத்தவன் அவன்தான். மூன்று குளிர்காலமாகப் படித்துவருகிறேன். பனியைப் பற்றி நான் படித்திருக்கிற உரைநடையில் ஆகச் சிறந்தது இது என்று சொன்னால் நம் வட்டத்தில் சிலருக்கு அது ஒரு பாவனையாகத் தோன்றும். அந்த ஆட்சேபத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த உரைநடை என்ன சொல்கிறது என்று பார்க்கவேண்டும். உள்ளடக்கத்தை விட்டுவிட்டு நடையைப் பற்றி மட்டும் பேசுவது இங்கே சாத்தியமில்லை.

அக்டோபரில் முதல் பனி விழுகிறது. தெற்கு நோக்கிய சரிவுகளில் வெயில் பட்டு இரண்டொரு நாளில் கரைந்துவிடும். வடக்கு நோக்கிய உயரமான சரிவுகளில் மட்டும், ஒரு முழம்கூட இல்லாமல், தங்கிவிடுகிறது. பிறகு வாரக்கணக்கில் தெளிந்த வானம், கடுங்குளிர் இரவுகள். பார்ப்பவனுக்கு ஒன்றும் நடப்பதாகத் தெரியாது. ஆனால் பூமி கோடையின் சூட்டை இன்னும் வைத்திருக்கிறது. பனியின் அடிப்பக்கம் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே நிற்கிறது. மேலே காற்று பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி. பனியின் கனம் 30 சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் 5 டிகிரி வித்தியாசம். 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரி இருந்தாலே போதும், அடியிலிருந்து நீராவி பனித் துகள்களின் ஊடே மேலேறத் தொடங்கிவிடும். ஒரு துகளில் கரைந்து அடுத்த துகளில் படியும். விழும்போது ஒன்றையொன்று கைகோத்திருந்த துகள்கள் இப்படியே கோணமும் விளிம்புமாக, உள்ளே குழிந்த கிண்ணம் போல, தனித்தனியாக வளர்கின்றன. கையில் அள்ளினால் ஜீனி போல விரலிடுக்கில் கொட்டிவிடும். உருண்டை பிடிக்க முடியாது. அவர்களும் அதை ஜீனிப் பனி என்றுதான் அழைக்கிறார்கள்.

இதே குளிரில் பனி 2 மீட்டர் கனமாக இருந்திருந்தால் 10 சென்டிமீட்டருக்கு முக்கால் டிகிரிதான் வித்தியாசம். துகள்கள் உருண்டு, ஒட்டி, கெட்டிப்பட்டிருக்கும். ஆக, பனி குறைவாக இருப்பதுதான் பனியைக் கெடுக்கிறது. குறைந்த பனி, குறைந்த ஆபத்து என்று மனம் தானாகப் போடும் கணக்கு தலைகீழானது.

நவம்பரில் பெரும்புயல் வருகிறது. அந்த ஜீனியின் மேல் புதுப்பனி ஒரு பலகை போலப் படிகிறது. காற்று அதை இறுக்குகிறது. இப்போது பார்த்தால் மலை முழுக்க ஒரே வெண்மை. தெற்குச் சரிவில் புதுப்பனிக்கு அடியில் புல்லும் கல்லும்தான். வடக்குச் சரிவில் மட்டும் ஸ்கீ மிதக்கும் அளவுக்கு ஆழம் இருக்கிறது. ஆறு மாதமாகக் காத்திருந்தவன் இயல்பாக எங்கே போவான்? அக்டோபர் பனி எங்கே தங்கியிருக்கிறதோ அங்கேதான். போகத்தக்க இடமும் போகக்கூடாத இடமும் ஒன்றேயாகிவிடுகிற விசித்திரம் பருவத் தொடக்கத்தின் விசித்திரம். பல இடங்களில் தினசரி அறிக்கைகூட அப்போது இன்னும் தொடங்கியிருக்காது.

ஜப்பானிய இயற்பியலாளர் நகாயா உகிச்சிரோ 1936இல் ஹொக்கைடோவில் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டியவர். பனித் துகளை வானம் அனுப்பிய கடிதமாக அவர் கண்டார் என்பது பிரசித்தம். படிகத்தின் வடிவத்தைப் பார்த்தால், அது உருவான உயரத்தில் எத்தனை குளிர், எத்தனை ஈரம் என்று படித்துவிடலாம். அழகான உருவகம், விஞ்ஞானமும் கூட. ஆனால் கடிதம் தரையில் வந்து விழுந்ததோடு இந்த உருவகம் முடிந்துவிடுகிறது. விழுந்த பிறகு பூமி அதைத் திருத்தி எழுதுகிறது, எழுத்து எழுத்தாக. பனிச்சரிவு அறிக்கைக்காரன் படிப்பது இந்தத் திருத்தப்பட்ட பிரதியை. 1939இல் சுவிஸ் ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பே பனியும் அதன் உருமாற்றமும் என்பதுதான். உருமாற்றம் என்றதும் நம்மவர்களுக்குப் பூச்சியாக மாறிய விற்பனைப் பிரதிநிதி நினைவுக்கு வருவான். அவன் ஒரே இரவில் மாறினான். பனிக்கு ஆறு வாரம் ஆகிறது, அவ்வளவுதான்.

அந்த சுவிஸ் ஆய்வு நடந்த இடம் டாவோஸுக்கு மேலே உள்ள மலை. டாவோஸ் என்றால் தாமஸ் மன். 1924இல் வந்த 'மந்திர மலை'யில் பனி என்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. ஹான்ஸ் காஸ்டார்ப் ஸ்கீ வாங்கி, பழகி, ஒருநாள் தனியே மலைக்குள் போய்ப் புயலில் மாட்டிக்கொள்கிறான். ஒரு குடிசைச் சுவரில் சாய்ந்தபடி கனவு காண்கிறான். உலக இலக்கியத்தில் ஸ்கீயின் மேல் நிற்கும் பெரிய பாத்திரம் இவன் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். படிகங்களின் மாறாத ஒழுங்கைப் பார்த்து அதில் உயிருக்கு எதிரான ஏதோ ஒன்று இருப்பதாக அவனுக்குத் தோன்றும் இடம் அபாரமானது. ஆனால் அந்த அத்தியாயத்தில் பனிக்குச் சரித்திரம் கிடையாது. அது அன்றைக்கு விழுந்த பனி. மேலே பார்த்தால் வெள்ளை, கீழே பார்த்தாலும் வெள்ளை. தத்துவம் எழுதுவதற்குத் தோதான காகிதம். வழி தவறுவதும் உறைந்துபோவதும்தான் அங்கே ஆபத்து. காலடியில் முந்தைய மாதங்கள் படலம் படலமாகக் கிடக்கின்றன, அதில் ஏதோ ஒன்று தாங்காது என்பது அங்கே ஆபத்தில்லை. நாவல் வந்து இருபது வருஷத்துக்குள் அதே ஊரின் மேல் ஆட்கள் பனியில் குழி வெட்டி, உள்ளே இறங்கி, சுவரைப் பூதக்கண்ணாடியால் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். மன்னின் பனியை நான் குறைத்துப் பேசவில்லை. மன்னிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது காகிதத்தை மட்டும்தான் என்கிறேன்.

அமெரிக்காவில் இந்த வேலையைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் மாண்ட்கமரி அட்வாட்டர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, என் நண்பன் இன்று போகிற அதே பள்ளத்தாக்கில், ஆல்ட்டா என்ற இடத்தில், வனத்துறையின் பனிக் காவலராக வந்து சேர்ந்தார். அதற்கு முன்பே சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதியவர். 1968இல் வெளிவந்த 'பனிச்சரிவு வேட்டைக்காரர்கள்' என்ற அவருடைய புத்தகத்தைத் தலைப்பு ஒன்றைக் கொண்டே எடைபோட்டுவிடலாம். பனிச்சரிவு ஒரு மிருகம். மனிதன் துப்பாக்கியும் வெடியும் கொண்டு அதை வேட்டையாடுகிறான். பீரங்கியால் பனியைச் சுட்ட மனிதர் அவர், ஆகவே இந்த மொழியை அவர் இரவல் வாங்கவில்லை. வாசிக்கச் சுவாரஸ்யமாகவும் இருக்கிறது. ஆனால் மிருகம் என்று சொன்ன மாத்திரத்தில் அதற்கு ஒரு எண்ணம் வந்துவிடுகிறது; பதுங்குகிறது, பாய்கிறது. உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் பத்தில் ஒன்பதில் சரிவைத் தூண்டியது புதைந்தவனோ அவன் கூட வந்தவனோதான் என்பது இன்று தெரிந்த விஷயம். பதுங்கியிருந்தது எதுவும் இல்லை. ஒரு மனிதனின் எடை, ஒரு படலம். அவ்வளவே.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் இருப்பது நியூயார்க் டைம்ஸில் ஜான் பிராஞ்ச் எழுதி 2012 டிசம்பரில் வெளிவந்த 'ஸ்னோ ஃபால்'. வாஷிங்டன் மாநிலத்தில் டன்னல் க்ரீக் என்ற பள்ளத்தில் அந்த வருஷம் பிப்ரவரி 19 அன்று மூன்று பேர் இறந்ததைப் பற்றிய நீண்ட கட்டுரை. அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு பெற்றது. போனவர்கள் பெரும்பாலும் தேர்ந்தவர்கள், அந்த மலையைத் தெரிந்தவர்கள். கூட்டம் பெரிதாக இருந்ததாலேயே யாரும் வாய்விட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதை பிராஞ்ச் மிக நுட்பமாகக் காட்டுகிறார். அடியில் இருந்த பலவீனமான படலத்துக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார். நல்ல எழுத்து, சந்தேகமில்லை. என் தகராறு வடிவத்தோடு. கட்டுரை பனிச்சரிவில் தொடங்குகிறது. பிறகுதான் முந்தின இரவுக்குப் போகிறது. ஆகவே அந்த இரவின் ஒவ்வொரு சிரிப்பும் எனக்கு அபசகுனமாகப்படுகிறது. காலைக் காப்பியை ஒருவர் குடிக்கும்போதே, போகாதே என்று வாசகன் மனசுக்குள் கத்துகிறான். வாசகன் புத்திசாலியாகிவிடுகிறான், எந்தச் செலவும் இல்லாமல். அந்தக் காலையில் அந்த மேட்டில் நின்ற யாருக்கும் இந்தப் புத்தி கிடைத்திருக்க வழியில்லை. ஏனென்றால் அவர்கள் கதைக்குள் நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் நின்றார்கள். கதை சாவிலிருந்து பின்னோக்கிக் கட்டப்படுகிறது. மலையில் எல்லாம் அடியிலிருந்து மேல்நோக்கித்தான் கட்டப்படுகிறது.

விபத்து அறிக்கையின் வடிவம் இந்த இரண்டாவது வரிசையைக் காப்பாற்றுகிறது. சரிவு எத்தனை டிகிரி, எந்தத் திசை நோக்கியது, எத்தனை அடி உயரம், உடைந்த பலகையின் கனம், அது எதன் மேல் வழுக்கியது, அந்தப் படலம் எந்த மாதத்தில் உண்டானது. அதற்குப் பிறகுதான் மனிதர்கள் வருகிறார்கள். ஜேமி பியர் என்பவர் 2006இல் ஸ்கீயோடு 255 அடி உயரப் பாறையிலிருந்து பனிக்குள் குதித்து உயிரோடு எழுந்து உலகப் பிரசித்தி பெற்றவர். 2011 நவம்பர் 13 அன்று யூட்டாவில், ஸ்னோபேர்ட் விளையாட்டு மலை அந்தப் பருவத்துக்குத் திறக்குமுன், ஒரு சின்னச் சரிவு அவரை இழுத்துக்கொண்டு போய்ப் பாறைகளின் மேல் மோதியது. புதைந்து மூச்சுமுட்டிச் சாகவில்லை, அடிபட்டுச் செத்தார். வட அமெரிக்காவில் பனிச்சரிவுச் சாவுகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று இப்படி அடிபட்டு நேர்வது. பருவத் தொடக்கத்தில் கல்லும் மரத்தூரும் ஒரு சாண் ஆழத்தில் காத்திருப்பதால், பெரிய சரிவு தேவைப்படுவதில்லை. ஒரு கதாசிரியன் கையில் இந்த 255 அடி என்ன பாடுபட்டிருக்கும்! விதி, அகந்தை, எதிர்மறை என்று எத்தனை பக்கம்! விபத்துக் குறிப்பில் அவருடைய புகழுக்கு வேலை எதுவும் இல்லை. மலை திறக்கவில்லை, எனவே அந்தச் சரிவில் வெடி வைக்கப்படவில்லை. தெரிந்த இடம் என்ற பெயரில் அது அன்று தெரியாத இடமாக இருந்தது. இவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்று. 2017 அக்டோபர் முதல் வாரத்தில் மொன்டானாவில் ஒரு இளம்பெண் புதைந்தார். இருப்பிடம் காட்டும் சிறு ரேடியோக் கருவி, பீக்கன், அவரிடம் இருந்தது. பைக்குள், அணைக்கப்பட்ட நிலையில். 10 நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணிக்குள் அது மூன்றில் ஒன்றாக இறங்கிவிடுகிறது. அணைந்த கருவி என்றால் தேடுவதற்குக் கையும் தடியும்தான். திறமையும் பயிற்சியும் உள்ளவர் என்பது எல்லோரும் சொன்னது. அக்டோபர் இன்னும் குளிர்காலம் ஆகவில்லை, மனசுக்குள். நான் படித்த குறிப்பில் பை, கருவி, அணைந்திருந்தது என்ற மூன்று தகவலும் இருக்கின்றன. அஜாக்கிரதை என்ற வார்த்தை இல்லை. அந்த வார்த்தை இல்லாததால் நான் வெகுநேரம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். இருந்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன்.

இங்கே என் வேலையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டியிருக்கிறது. நான் பாங்கில் கவுண்டரில் உட்காருபவன். நாலு வருஷம் முன்பு, ஒரு கிளையில், வாராவாரம் வருகிற ஒரு பையன் அப்பாவின் பாஸ்புக்கோடு பணம் எடுக்கும் ஸ்லிப்பை நீட்டினான். பெரியவரையும் தெரியும், பையனையும் தெரியும். வீட்டு விசேஷத்துக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். மாதிரிக் கையெழுத்தைத் திரையில் திறந்து பார்க்கவேண்டும். திறக்கவில்லை. 48,000 ரூபாய். எட்டாம் நாள் பெரியவர் வந்து நின்றார். கையெழுத்து அவருடையதல்ல. விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. ராத்திரி உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். நல்ல நடை. கூட்டம், ஓய்வூதிய நாள், மின்சாரம் போய் வந்தது, பையனின் சிரித்த முகம், பெரியவரின் நடுங்கும் கை எல்லாம் அதில் இருந்தன. படித்த மானேஜர், கதை மாதிரி இருக்கிறதே சார் என்றார். பாராட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வந்த ஆய்வு அதிகாரி ஆறு வரி எழுதினார். தேதி, ஸ்லிப்பின் எண், தொகை, திரை திறக்கப்படவில்லை. அதோடு ஒரு வரி: இதே கணக்கில் இதே கவுண்டரில் அதற்கு முந்தைய பதினோரு ஸ்லிப்புகளுக்கும் திரை திறக்கப்படவில்லை.

அந்தப் பதினொன்று எனக்கு நினைவிலேயே இல்லை. ஒன்றும் நடக்காததால் அவை நடந்ததாகவே பதிவாகவில்லை. என் மூன்று பக்கமும் பன்னிரண்டாவது ஸ்லிப்பின் கதை. உண்மை அந்தப் பதினொன்றின் அடியில் கிடந்தது.

இயன் மக்கேமன் என்ற அமெரிக்கர் 1972 முதல் 2003 வரை நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். பழகிய சரிவில், பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களைப் போலவே துணிந்துவிடுகிறார்கள் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. இதை முதலில் படித்தபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. சரியாத சரிவு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை; தவறாகப் போனவனையும் சரியாகப் போனவனையும் ஒரே மாதிரி கீழே இறக்கிவிடுகிறது. நூறு முறை இறங்கியவனின் அனுபவம் என்பது, அந்த நூறும் ஏன் சரியவில்லை என்று அவனுக்குத் தெரியாத வரையில், வெறும் எண்ணிக்கைதான். நம் இலக்கிய உலகில் அனுபவம் என்ற சொல்லுக்கு இருக்கும் மவுசை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இந்த அறிக்கைகளின் நடை குறையில்லாதது என்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் ஆபத்தை ஐந்து படிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய நாடுகள் 1993இல் பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவுகோல் இது. வட அமெரிக்காவிலும் ஐந்து படிகள்தான். குறைவு, மிதம், மூன்றாவதாகக் கணிசம், பிறகு அதிகம், மிக அதிகம் என்று தமிழில் சொல்லலாம். சாவுகளில் பெரும்பங்கு மூன்றாம் படியில் நேர்கிறது. நாலிலும் ஐந்திலும் ஆட்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்றில் கிளம்பிவிடுகிறார்கள். ஐந்துக்கு மூன்று என்றால் நடு. நடு என்றால் பாதி. பாதி ஆபத்து என்றால் போகலாம். ஆனால் இந்தப் படிகள் கூட்டல் கணக்கில் ஏறுபவை அல்ல, ஒவ்வொன்றும் முந்தையதைப் பெருக்கிக்கொண்டு ஏறுபவை. இந்த நியாயத்தை எண்ணும் சொல்லவில்லை, சொல்லும் சொல்லவில்லை. 'கணிசமான தொகை' என்று எங்கள் சுற்றறிக்கைகளில் வரும். எத்தனை ரூபாய் என்று கேட்டால் மேலதிகாரி சிரிப்பார். தனக்கு எல்லை இல்லாத ஒரு சொல்லை, எல்லை தெரியவேண்டிய ஒரு இடத்தில் வைத்திருக்கிறார்கள். அதைச் சரிசெய்வதற்காகத்தான் கீழே ஒரு பத்தி எழுதுகிறார்கள்: வடக்குச் சரிவு, இத்தனை அடிக்கு மேல், அடியில் அக்டோபர் பனி என்று. அந்தப் பத்தி அற்புதமானது. ஆனால் கிளம்புகிற அவசரத்தில் இருப்பவன் மேலே இருக்கும் ஒற்றைச் சொல்லைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். தலைப்பைப் பார்த்து விமர்சனம் எழுதுபவர்களை நாம் அறியாதவர்களா?

இதையெல்லாம் நம் நண்பர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: அறிக்கையை இலக்கியம் என்பது ஒரு மோஸ்தர், மேலும் பனிச்சரிவு நமக்கு என்ன சம்பந்தம்? இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மதராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 10 பேர் பனியில் புதைந்தபோது, அதில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். பனிச்சரிவு என்ற சொல் அன்றைக்கு இங்கே சில வீடுகளுக்குள் நுழைந்தது. அந்த வீடுகளில் அது உருவகமல்ல. முதல் கேள்வி நியாயமானது. அறிக்கைக்குள் ஆள் இல்லை. பெயருக்குப் பதில் எண் இருக்கிறது. பின்னால் அழுபவர்கள் இல்லை. அந்தப் பெண் ஏன் அன்றைக்கு மலைக்குப் போனார், அந்த வெயில் எப்படி இருந்தது என்பது அதில் வராது. அதை எழுத பிராஞ்ச் போன்ற ஒருவர் வேண்டும்தான். நான் சொல்வது இவ்வளவுதான்: அறிக்கைக்குத் தெரிந்திருக்கும் ஒரு விஷயம் நம் சிறுகதைக்குத் தெரியவில்லை. போய்விட்டுத் திரும்பி வந்தவனை எங்கே வைப்பது என்பது அது. யூட்டா மையத்தின் பக்கங்களில், விபத்துக் குறிப்புகளுக்குப் பக்கத்தில், சாதாரண ஆட்கள் அனுப்பும் குறிப்புகளும் இடம்பெறுகின்றன. இன்ன சரிவுக்குப் போனோம், குழி வெட்டினோம், பிடிக்கவில்லை, திரும்பிவிட்டோம். கதை இல்லை, உச்சம் இல்லை. நமக்கு வருகிற கதைகளில் யாராவது இப்படித் திரும்பினால் ஆசிரியர் குழு அதைத் திருப்பி அனுப்பிவிடும். நானே இரண்டை அனுப்பியிருக்கிறேன்.

போன நவம்பரில் நண்பனிடமிருந்து வந்த கடிதத்தை இதோடு சேர்த்துத்தான் படிக்கவேண்டும். ஒரு சனிக்கிழமை. மூன்று பேர். முந்தின இரண்டு நாளும் நல்ல பனி. கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் ஏற்கனவே ஏழெட்டு வண்டிகள். மேலே யாரோ ஏறிய தடம் பளிச்சென்று தெரிகிறது. தடம் இருந்தால் மனசு லேசாகிவிடுகிறது என்று எழுதியிருந்தான். மரங்களைத் தாண்டி, இன்னும் செங்குத்தான இடம் வராத ஒரு சமதளத்தில், முன்னால் போனவனின் காலடியில் ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. வீட்டுக்குள் யாரோ மெத்தையைத் தரையில் போட்டது போல. கூடவே சுற்றிலும் பனி ஒரு விரல்கடை கீழே இறங்கியது. பத்தடி தள்ளி நின்ற சின்ன மரத்தின் கிளையிலிருந்து பனி உதிர்ந்தது. அடியில் இருந்த ஜீனிப் படலம் உட்கார்ந்துவிட்டது. பலகை உடையவில்லை, ஏனென்றால் அது சரிவில்லை. சரிவாக இருந்திருந்தால் என்று அவன் எழுதவில்லை.

அந்தச் சத்தத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வும்ஃப்'. வேடிக்கைப் பேச்சல்ல, அறிக்கைகளிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் அதுதான் கலைச்சொல். காதில் விழுந்ததை அப்படியே சொல்லாக்கி, விஞ்ஞானம் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. தடால், சடார், மளமள என்று ஒலிக்குறிப்புகளுக்குப் பஞ்சமே இல்லாத மொழி நம்முடையது. நண்பன் கேட்டிருந்தான்: "நீதான் வார்த்தைக்காரன் ஆச்சேடா. இதுக்குத் தமிழில் என்ன சொல்வே?" பொத், தொம், தொப் எல்லாம் எழுதிப் பார்த்தேன். எல்லாமே ஒன்று மேலிருந்து வந்து விழுகிற சத்தம். அடியில் ஒன்று விட்டுப்போகிற சத்தத்துக்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

மூன்று பேரும் சிறிது நேரம் நின்றார்களாம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மூவரில் இளையவன், பனியில் இரண்டாவது வருஷக்காரன், நான் இறங்குகிறேன் என்றான். மற்ற இருவரும் மறுக்கவில்லை. ஏறிய வழியாகவே, மரங்களுக்கு ஊடே, மெதுவாக இறங்கியதில் நண்பனின் ஸ்கீ ஒரு கல்லில் உரசி அடிப்பாகம் கிழிந்துவிட்டது. கடையில் சரிபண்ண ஒரு வாரம் ஆகுமாம். மேலே ஏறிய தடத்துக்காரர்கள் சாயங்காலம் சுகமாக இறங்கி வந்ததாகக் கேள்விப்பட்டானாம். ஒன்றும் நடக்கவில்லை, எழுதுவதற்கு வேறு எதுவும் இல்லை என்று முடித்திருந்தான். அந்தக் கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை.